ராபர்ட் பாஷ்

உலக சரித்திரத்திற் புகழ் பெற்றோர் பல திறத்தினர். நாடு வென்றோர் சிலர். நூல் செய்தோர் சிலர். நோய் தீர்த்தோர் சிலர். இவர்களேயன்றி, மக்கள் அன்றாடம் கையாளும் ஒரு சிறு கருவியைப் பிழையறச் செய்து, அதனால் உலகின் போக்கையே மாற்றியவர்களும் உளர். மோட்டார் வண்டியின் இயந்திரத்துக்குத் தவறாத தீப்பொறியை அளித்த ராபர்ட் பாஷ் என்னும் ஜெர்மானியர் அத்தகையோருள் ஒருவர். அவர் பெயர் பொறித்த கருவிகளை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். அவரது வாழ்க்கையை அறிந்தவரோ சிலரே. அதனை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்போம்.

பிறப்பும் இளமையும்

தென் ஜெர்மனியில் டான்யூப் நதிக்கரையில் உல்ம் என்னும் பழைய நகரம் உள்ளது. அதற்கு அணித்தாயுள்ள ஆல்பெக் என்ற சிற்றூரில் 1861-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 23-ம் நாள் ராபர்ட் பாஷ் பிறந்தார். தந்தையார் வழிப்போக்கர் தங்கும் விடுதியும் விளைநிலமும் உடையவர். பன்னிரண்டு மக்களுள் ராபர்ட் பதினோராமவர். 1869-ல் அக்குடும்பம் உல்ம் நகரிற் குடியேறிற்று.

பள்ளிப் படிப்பு 1876-ல் முடிந்ததும், நுண்கருவிகள் செய்யும் தொழிலைப் பயிலுமாறு ராபர்ட் ஒரு பட்டறையில் விடப்பட்டார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் கற்பிப்பதில் அக்கறையில்லாதவர். வந்து சேர்ந்த பையன் தானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தன. கற்க வேண்டிய பருவத்திற் கற்பிப்பாரின்றிப் போயிற்றே என்னும் குறை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் அவர் தம் தொழிற்சாலையிலே பயிற்சி பெறும் இளைஞர்களுக்கென்று தனிப் பட்டறை ஒன்றை 1913-ல் ஏற்படுத்தியதற்கு இக்குறையே வித்து எனலாம்.

பயிற்சி முடிந்தபின் அவர் பல ஊர்களிற் பல பட்டறைகளில் வேலை செய்தார். கைத்தொழில் மட்டும் போதாது, அதன் காரணகாரியங்களும் விளங்க வேண்டும் என்று கருதி, ஸ்டுட்கார்ட் நகரத்துத் தொழிற் கல்லூரியிற் சில மாதங்கள் விரிவுரை கேட்டார். 1884-ல் அமெரிக்கா சென்று நியூயார்க்கில் எடிசனுடைய தொழிற்சாலையில் ஊழியம் செய்தார். பின்பு இங்கிலாந்தில் சீமென்ஸ் சகோதரர் தொழிற்சாலையிலும் பணி புரிந்து தாய்நாடு திரும்பினார்.

பட்டறை தொடங்கியது

1886-ம் ஆண்டு நவம்பர் மாதம் 15-ம் நாள் ஸ்டுட்கார்ட் நகரில், ஒரு வீட்டின் பின்கட்டில், அவர் தம் சொந்தப் பட்டறையைத் திறந்தார். அவருடன் வேலை செய்தவர் ஒரு தொழிலாளியும் ஓர் ஏவற் சிறுவனுமே. தொலைபேசி அமைத்தல், மின்சார மணி பொருத்தல், பழுதான கருவிகளைச் செப்பனிடல் ஆகியவை அன்றைய வேலைகள். அடுத்த ஆண்டில் அவர் அன்னா கைஸர் என்னும் நங்கையை மணந்தார்.

முதற் பத்தாண்டுகள் துன்பம் நிறைந்தவை. வேலை ஒரு மாதம் மிகுதியாக வரும், மறுமாதம் வாராது. நகரத்தில் மின்சார நிலையம் வர நாளானமையால் வியாபாரம் சுருங்கிற்று. வேலையாட்களிற் பெரும்பாலோரை நிறுத்த வேண்டியும் வந்தது. கடன் வாங்கியே காலந்தள்ளினார். ஆயினும், செய்த வேலையிற் குறையிருப்பின் அதை வெளியே அனுப்பலாகாது என்னும் விரதத்தை அவர் கைவிடவில்லை. தம் பொருளைப் பிறர் ஆராய்ந்து, இது தரங்குறைந்தது என்று காட்டக்கூடும் என்னும் எண்ணமே அவருக்குப் பொறுக்க முடியாததாயிருந்தது. பணம் போனாலும் போகலாம், நம்பிக்கை போகலாகாது என்பதே அவரது கொள்கை.

பொறி தவறுதல் என்பது யாது?

நிற்க. அவரது பெருந்தொழிலை அறிந்துகொள்ளுமுன், மோட்டார் இயந்திரம் நடைபெறும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். ஸிலிண்டர் என்னும் குழாயினுள்ளே பிஸ்டன் ஏறியிறங்குகின்றது. முதலில் அது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை உள்ளிழுக்கின்றது. இரண்டாவதாக அதனை அழுத்துகின்றது. மூன்றாவதாக அக்கலவை தீப்பற்றி விரிந்து பிஸ்டனைத் தள்ளுகின்றது. நான்காவதாக எரிந்த புகை வெளியேற்றப்படுகின்றது. இந்நான்கு அசைவுகளுள் மூன்றாவதொன்றே வலிமை தருவது. மற்றை மூன்றும் அதற்கு ஏவல் செய்வன.

அம்மூன்றாம் அசைவு நிகழ வேண்டுமாயின் மூன்று காரியங்கள் ஒருங்கே அமைதல் வேண்டும். கலவை அளவாயிருத்தல் ஒன்று. அழுத்தம் கசிந்துபோகாமை ஒன்று. உரிய கணத்தில் உரிய வலிமையோடு தீப்பொறி தோன்றுதல் ஒன்று. இவற்றுள் எது தவறினும் அந்த முறைக்குத் தீப்பற்றாது. அப்பொழுது இயந்திரம் குலுங்கும். சுருதி கெட்ட வாத்தியம்போல் அதன் ஓசை தடுமாறும். எரியாத பெட்ரோலின் நாற்றம் புகைக்குழாய் வழியே வீசும். இதனையே ஆங்கிலத்தில் மிஸ்பயர் என்றும், நம் நாட்டுத் தொழிலாளர் மிஸ்ஸிங் என்றும் கூறுவர்.

பாஷ் தொழில் தொடங்கிய காலத்தில் இம்மூன்றினுள் தீப்பொறியே பெருந்தொல்லையாயிருந்தது. சிலர் ஸிலிண்டரின் பக்கத்தில் ஒரு சிறு குழாயை வைத்து, அதனை வெளியிலிருந்து சுடர் கொண்டு பழுக்கக் காய்ச்சினர். காற்றடித்தாற் சுடர் அணைந்துவிடும். வண்டி கவிழ்ந்தாலோ தீப்பிடிக்கும். தீப்பற்றும் கணத்தை முந்தவோ பிந்தவோ செய்தற்கும் அதில் வழியில்லை. வேறு சிலர் மின்கலங்களை வண்டியிலேற்றினர். அவை சிறிது தூரத்திலேயே வலியிழந்தன. ஆகவே மோட்டார் வண்டியிற் புறப்பட்டவன் எங்கே நிற்பான் என்பது யாருக்கும் தெரியாதிருந்தது.

மாக்னீட்டோ

1887-ம் ஆண்டில் ஷோர்ண்டார்ப் என்னும் ஊரிலிருந்த ஓர் இயந்திரம் அதன் சரித்திரத்தைத் திருப்பிற்று. சிறு இயந்திரங்கள் செய்யும் ஒருவர் பாஷிடம் வந்து, அவ்வியந்திரத்தில் உள்ளதுபோன்ற மாக்னீட்டோ ஒன்று செய்து தர இயலுமா என்று வினவினார். பாஷ் நேரிற் சென்று பார்த்தார். அது டாய்ட்ஸ் என்னும் தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே கம்பி சுற்றிய இரும்பை அசைத்தால் அக்கம்பியில் மின்சாரம் உண்டாகும் என்பது 1831-ல் பாரடே கண்ட உண்மை. மாக்னீட்டோ அவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டது. அதற்கு மின்கலம் வேண்டா. இயந்திரம் ஓடும்வரை தீப்பொறியும் உண்டு.

பாஷ் அக்கருவியை அவ்வாறே பார்த்துச் செய்தாரில்லை. அதன் அமைப்பை உறுதிப்படுத்தித் திருத்திச் செய்தார். நிலையாக ஓரிடத்தில் நின்று மெதுவாக ஓடும் இயந்திரங்களுக்கு அது நன்கு பயன்பட்டது. ஆனால் வண்டிகளின் இயந்திரமோ பன்மடங்கு விரைவுடையது. கனத்த இரும்பை அத்துணை விரைவாக அசைத்தல் இயலாததாயிற்று.

1897-ல் பிரெடரிக் ஸிம்ஸ் என்பார் டி டியான் பூட்டான் என்னும் பிரெஞ்சுத் தொழிற்சாலையின் முச்சக்கர வண்டி ஒன்றைக் கொணர்ந்து, அதன் இயந்திரத்துக்கு மாக்னீட்டோவைப் பொருத்தித் தருமாறு கேட்டார். பட்டறையின் தலைமைத் தொழிலாளியாகிய அர்னால்ட் ஸேரிங்கர் இதற்கு ஓர் உபாயங் கண்டார். கம்பி சுற்றிய கனத்த பகுதி அசையாது நிற்கட்டும். அதற்கும் காந்தத்துக்கும் இடையே இலேசான இரும்பு உறை மாத்திரம் அசையட்டும் என்பதே அவ்வுபாயம். கனம் குறையவே விரைவு கூடிற்று. மோட்டார் வண்டிக்கு மாக்னீட்டோ முதன்முதல் இசைந்தது அப்போதுதான். 1900-ல் ஸெப்பலின் பிரபுவின் முதல் ஆகாயக் கப்பலிலும் பாஷின் மாக்னீட்டோ இடம் பெற்றது. எளிதிற் பற்றும் ஹைட்ரஜன் வாயு நிறைந்த அக்கப்பலின்கீழ்ச் சுடர் விளக்கை ஏற்றிச் செல்லுதல் எத்துணை ஆபத்தாயிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

எனினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. அம்மாக்னீட்டோவில் ஸிலிண்டரினுள்ளேயே இரு முனைகள் கூடிப் பிரியவேண்டும். பிரியும்போது பொறி தெறிக்கும். அவற்றை இயக்கும் கோல்களும் வில்களும் தேய்ந்து பொறி தவறுதற்கு இடமாயின. அசையும் உறுப்பு யாதொன்றும் உள்ளே இல்லாத ஓர் அமைப்பைக் காணுமாறு பாஷ் தம் பொறியியலாளராகிய காட்லோப் ஹோனால்டிடம் பணித்தார். ஹோனால்ட் முன்னே அப்பட்டறையிற் சிறுவனாயிருந்து தொழில் பயின்றவர். அவர் ஒரே சட்டத்தின்மீது இருவகைக் கம்பிச் சுற்றுக்களை அமைத்து மிகவுயர்ந்த மின்னழுத்தத்தை உண்டாக்கினார். அவ்வழுத்தம் இரு முனைகளுக்கிடையேயுள்ள இடைவெளியைத் தாவிப் பொறியாகப் பாய்ந்தது. அப்பொறியைத் தாங்க, வெப்பத்துக்கு ஈடுகொடுக்கும் ஸ்பார்க் பிளக்கையும் அவர் செய்து முடித்தார். 1902-ம் ஆண்டு ஜனவரி மாதம் 7-ம் நாள் இதற்குரிய உரிமைப் பத்திரம் பதிவாயிற்று. கருவி பாஷின் பெயர் பெற்றதாயினும், அதன் பெருமை ஸேரிங்கர், ஹோனால்ட் ஆகிய இருவருக்கும் உரியது. தகுதியுடையாரைக் கண்டு அவர்க்குத் தக்க பொறுப்பை ஒப்புவித்தலே பாஷின் தனித்திறமை.

குற்றங் காணும் முறை

ஒரு ஸ்பார்க் பிளக் செய்யும் வேலையைச் சிறிது எண்ணிப் பார்மின். நான்கு ஸிலிண்டருள்ள இயந்திரம் நிமிஷத்துக்கு 3000 முறை சுழலுமாயின், நொடிக்கு 100 பொறிகள் வேண்டும். அவற்றுள் ஒவ்வொரு பிளக்கின் பங்கும் 25. எரியும் வாயுவின் வெப்பம் 2000 பாகையினும் மிகும். மறுகணமே குளிர்ந்த கலவை வந்து மோதும். இவற்றினிடையே பீங்கான் வெடித்தலாகாது, முனை உருகலாகாது, கரி படிந்து மின்சாரம் வேறு வழியில் ஓடலுமாகாது.

இதனாலேயே பழகிய தொழிலாளி பிளக்கைக் கழற்றிப் பார்த்து இயந்திரத்தின் உள்நிலையைக் கூறுகின்றான். வைத்தியன் நாவைப் பார்த்து நோயறிதல் போன்றது அது. முனை இளம் பழுப்பு நிறமாயிருப்பின் இயந்திரம் நலமாயுள்ளது. உலர்ந்த கரி படிந்திருப்பின் கலவையிற் பெட்ரோல் மிகுதி, அல்லது பிளக் தன்னைத்தானே சுத்தஞ் செய்துகொள்ளும் அளவுக்குச் சூடேறவில்லை. எண்ணெய் படிந்து ஈரமாயிருப்பின் பிஸ்டன் வளையங்களோ வால்வுகளின் வழிகளோ தேய்ந்துள்ளன. வெளுத்துக் கொப்புளித்திருப்பின் வெப்பம் மிகுதி. கலவையிற் பெட்ரோல் குறைவு, அல்லது பொறி உரிய கணத்துக்கு முந்துகின்றது. ஆகவே, கரி பிடித்த பிளக்கை மாற்றிவிட்டுக் கரிக்குக் காரணத்தை ஆராயாது விடுபவன், மறுவாரமும் அதே குறையோடு வந்து நிற்பான்.

பொறி தவறும் ஸிலிண்டர் எது என்று காணுதற்கும் முறை உண்டு. முற்காலத்தில் ஒவ்வொரு ஸிலிண்டருக்கும் செல்லும் மின்சாரத்தை ஒவ்வொன்றாகத் தடுத்துப் பார்ப்பர். நல்ல ஸிலிண்டரைத் தடுத்தால் ஓட்டம் இன்னுந் தளரும்; எதைத் தடுத்தும் மாறுதல் காணப்படவில்லையோ அதுவே குற்றமுடையது. இக்காலத்து வண்டிகளில் உயர் மின்னழுத்தம் உயிருக்கும் கருவிகளுக்கும் ஊறு செய்யுமாதலின் அம்முறை தகாது. சுழல்தண்டின் அருகே வைத்த உணர்கருவி அதன் வேகத்தைக் கணந்தோறும் அளக்கின்றது. ஒரு ஸிலிண்டர் தன் பங்கைச் செய்யாதபோது தோன்றும் சிறு தளர்ச்சியைக் கம்ப்யூட்டர் குறித்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கை ஏற்றுகின்றது. அவ்விளக்கு விட்டுவிட்டு ஒளிருமாயின் வண்டியை மேலும் ஓட்டலாகாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள சுத்திகரிப்புக் கருவியிற் சென்று எரிந்து அதனைப் பாழாக்கிவிடும்.

இவ்வளவு வசதி வந்தபின்னும் ஆராயும் நெறி ஒன்றே. ஐயத்துக்குரிய பிளக்கை மற்றொரு ஸிலிண்டருக்கு மாற்றுக. குற்றமும் உடன் மாறிற்றாயின் பிளக்கே காரணம். மாறாவிடின் பொறியூட்டும் காயிலை அவ்வாறே மாற்றுக. பின்னர்ப் பெட்ரோல் தெளிக்கும் கருவியைச் சோதிக்க. இறுதியாக அழுத்தத்தை அளந்து பார்க்க. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றவேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுபவன் பணத்தை இழப்பதோடு, குற்றம் எது என்னும் அறிவையும் இழக்கின்றான்.

செல்வமும் ஈகையும்

பாஷின் மாக்னீட்டோ உலகெங்கும் பரவிற்று. 1906-ல் நூறாயிரமாவது மாக்னீட்டோ அவர் தொழிற்சாலையினின்று வெளிவந்தது. 1912-ல் பத்து லட்சமாவது வெளிவந்தது. அந்த 1906-ம் ஆண்டிலேயே, பிற தொழிலதிபர் வியப்பும் வெறுப்பும் அடையுமாறு, தம் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு எட்டுமணி நேர வேலையை அவர் ஏற்படுத்தினார். களைத்த கையிற் பிழை பிறக்கும் என்பதை அவர் அறிந்தவர். அவரைச் சிவப்பு பாஷ் என்று சிலர் ஏளனஞ் செய்தனர். ஆயினும் 1913-ல் அவர் தொழிற்சாலையிலும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. நல்லெண்ணமுடைய முதலாளிக்கும் தொழிலாளருக்கும் இடையே பிணக்கு வாராது என்பது இல்லையென அது காட்டிற்று.

1910-ல் தாம் சில மாதங்களே பயின்ற ஸ்டுட்கார்ட் தொழிற் கல்லூரிக்குப் பத்து லட்சம் மார்க் நன்கொடை அளித்தார். முதல் உலகப் போரில் ஆயுதத் தேவையால் வந்த இலாபத்தைத் தம்மதாகக் கொள்ள மனம் ஒப்பாமல், நெக்கர் நதியைக் கப்பற் போக்குவரத்துக்கு ஏற்றதாக்குவதற்கும் பிற நற்காரியங்களுக்கும் பெருந்தொகை ஈந்தார். கொடையிற் பெருங்கையராகிய அவரே, தொழிற்சாலைத் தரையிற் கிடந்த ஒரு காகிதக் கவ்வியை எடுத்து, அது தம் பணமென்று பணியாளருக்குக் காட்டினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. வீணாக்காதவரே வாரி வழங்க வல்லவர் போலும்!

அவர் வாழ்வில் துயரமும் இருந்தது. தமக்குப்பின் தொழிலை ஏற்பான் என்று நம்பியிருந்த மகன் ராபர்ட் நெடுநாள் நோயுற்று 1921-ல் இறந்தான். 1923-ல் ஹோனால்டும் மறைந்தார். போரில் அமெரிக்கக் கிளை பறிபோயிற்று. இவற்றின் நடுவே 1925-ல் மின்கலத்தால் இயங்கும் பொறியமைப்பும், 1927-ல் டீசல் இயந்திரத்துக்கு எண்ணெய் செலுத்தும் பம்பும் அவர் தொழிற்சாலையினின்று வெளிவந்தன. தம் புகழுக்குக் காரணமான மாக்னீட்டோவை மோட்டார் வண்டிகளினின்று விலக்கும் புதிய அமைப்பைத் தாமே வெளியிட அவர் அஞ்சவில்லை.

இறுதிக் காலம்

பிரான்சும் ஜெர்மனியும் பகை தீர்ந்து வாழவேண்டும் என்பது முதுமையில் அவர் கொண்ட பெருவிருப்பு. 1933-ல் ஹிட்லரை நேரிற் கண்டார். அவரிடம் சமாதானத்துக்கு இடமில்லை என்று தெளிந்தார். 1937-ல் ஹிட்லரின் எதிரியாகிய கார்ல் கோர்டெலர் என்பாரைத் தம் நிலையத்தின் ஆலோசகராக அமர்த்தி, அவர் முயற்சிகளுக்கு நிழலளித்தார். யூதர்கள் நாட்டை விட்டுத் தப்பிச் செல்ல அவரும், ஹான்ஸ் வால்ஸ் முதலிய அவர்தம் துணைவரும் மறைவாகப் பொருளுதவி செய்தனர். கோர்டெலர் 1945-ல் கொலைத்தண்டனைக்கு ஆளானார். வால்ஸின் தொண்டை இஸ்ரேல் நாடு 1969-ல் பாராட்டிற்று.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. அதே தொழிற்சாலை இரண்டாம் உலகப் போரிலே படைக்கலங்களுக்கு வேண்டிய உறுப்புக்களையும் செய்து கொடுத்தது. சுமார் 20,000 பேர் தம் விருப்பமின்றியே கொணரப்பட்டு அதன் ஆலைகளில் உழைக்க நேர்ந்தது. தவறாத பொறி நன்மைக்கும் பயன்படும், தீமைக்கும் பயன்படும். கருவியின் நேர்மை ஒன்று. அதனை ஏவுவாரின் நேர்மை மற்றொன்று. முன்னதைச் செம்மைப்படுத்த ஒரு மனிதருக்கு இயன்றது. பின்னதைச் செம்மைப்படுத்த அவராலும் இயலவில்லை.

1940-ல் ஸ்டுட்கார்ட்டில் அவர் கட்டிய மருத்துவமனை திறக்கப்பட்டது. 1942-ம் ஆண்டு மார்ச் மாதம் 12-ம் நாள், தமது எண்பதாம் வயதில், ராபர்ட் பாஷ் உயிர் நீத்தார். எந்த ஆட்சியை அவர் உள்ளத்தால் வெறுத்தாரோ அந்த ஆட்சியே அவருக்கு அரசாங்க மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்திற்று. அவர் கருத்தைப் பின்பற்றி, 1964-ல் நிலையத்தின் பங்குகளிற் பெரும்பாகம் ஒரு தரும ஸ்தாபனத்தின் உடைமையாயிற்று. அதன் பயன் மருத்துவத்துக்கும் கல்விக்கும் நாடுகளின் நட்புறவுக்கும் இன்றும் செலவாகின்றது.

மாணவ நண்பர்களே! இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. ஒன்று, குற்றம் நேர்ந்தவிடத்து ஆரவாரமின்றி, ஒவ்வொன்றாகச் சோதித்து அதன் வேரைக் காணுதல். மற்றொன்று, பிறர் கண்ணிற் படாத சிறு கடமையையும் ஒவ்வொரு முறையும் தவறாது செய்தல். ஒரு ஸிலிண்டர் தன் பங்கைச் செய்யாவிடின் மற்றவை அதன் சுமையையும் தாங்கித் தள்ளாடுகின்றன. குடும்பமும் கல்லூரியும் நாடும் அத்தகையனவே. நம் முறை வரும்போது நாம் பொறி தவறாதிருப்போமாக.